புது மடிக்கணினி, பழைய கெர்னல்: சுங்கை சிப்புட் டியூஷன் நிலையத்தில் லினக்ஸ் நிறுவிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தைச் சுற்றி இருந்த ரப்பர் தோட்டங்களில் பெரும்பகுதி இப்போது செம்பனையாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறிவிட்டது. பட்டணத்தின் ஓரத்தில், அப்படி வீடுகளுக்காக விற்கப்பட்ட தோட்ட நிலம் ஒன்றில் ஒரு பழைய ஆயாக்கொட்டகை மட்டும் மிஞ்சி நிற்கிறது. பெற்றோர் பால்வெட்டுக்குப் போனபோது கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போட்டுப் பார்த்துக்கொண்ட கட்டடம் அது. கோயில் கமிட்டி அதைப் பழுதுபார்த்துக் கொடுக்க, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அங்கே டியூஷன் நிலையம் நடத்தி வருகிறார். வருகிறவர்கள் பெரும்பாலும் ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வை எழுதப்போகும் தோட்டத்துப் பிள்ளைகள்.

அங்கே ஏற்கனவே சில மேசைக்கணினிகள் இருந்தன. எல்லாம் அலுவலகங்கள் கழித்துக் கொடுத்தவை, விண்டோஸ் 11 ஏற்காத வயதுடையவை. எல்லாவற்றிலும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டிருந்தோம். பிள்ளைகளுக்கு வேண்டியது கல்வி அமைச்சின் டெலிமா தளம், பிரவுசர், லிப்ரே ஆபிஸ். ஆசிரியைக்கு வேண்டியது தமிழில் கேள்வித்தாள் தட்டச்சு செய்வது. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் ரோமன் விசைமுறையில் பழகியவர் அவர். மின்டில் உள்ள ஒலியியல் விசைமுறை அதற்கு நெருக்கமாக இருந்ததால் சீக்கிரம் கை பழகிவிட்டது. பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு மாணவிதான் இந்தக் கணினிகளைக் கவனித்துக்கொள்கிறார். ஈப்போவில் கணினிப் பராமரிப்பு வேலை பார்க்கும் நான் வார இறுதிகளில் போய் உதவுவேன்.

2024 மே மாதம், அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து இப்போது வெளியூரில் தொழில் செய்யும் ஒருவர் நான்கு புத்தம்புது மடிக்கணினிகளை வாங்கிக் கொடுத்தார். இன்டெல் கோர் அல்ட்ரா 5 125எச், 16 ஜிபி நினைவகம். "புதுசா இருந்தா பிள்ளைங்களுக்கு ரொம்ப நாளைக்கு வரும்" என்பது அவருடைய எண்ணம். விலையைக் குறைக்க இயங்குதளம் இல்லாத வகையாகப் பார்த்து வாங்கியிருந்தார். உரிமம் இல்லாத விண்டோஸைச் சும்மாவே போட்டுத் தருவதாகக் கடையில் சொன்னார்களாம். ஆசிரியை ஒத்துக்கொள்ளவில்லை. "படிக்கிற இடத்துல திருட்டுச் சாமான் வேணாம், தம்பி" என்றார். நான்கு விண்டோஸ் உரிமம் வாங்கப் பணமும் இல்லை. மேசைக்கணினிகளில் இருந்த அதே மின்ட் 21.3ஐ இவற்றிலும் போடுவது என்று முடிவானது. மே கடைசியில் வந்த பள்ளி விடுமுறைக்குள் வேலையை முடித்துவிட நினைத்தோம்.

நிறுவும்போது கண்டவை

முதல் தடை நிறுவல் திரையிலேயே வந்தது. வட்டுப் பட்டியலில் நாங்கள் செருகிய யுஎஸ்பி குச்சி மட்டும் தெரிந்தது. மடிக்கணினியின் சொந்த எஸ்எஸ்டி தெரியவில்லை. காரணம், கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் விஎம்டி என்ற இன்டெல் வட்டு மேலாண்மை வசதி இயக்கத்தில் இருந்தது. அதை அணைத்தோம், எஸ்எஸ்டி தெரிந்தது. சில தயாரிப்புகளில் அந்த வரியே மறைந்திருக்கும். கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால்தான் கண்ணுக்குத் தெரியும். இங்கே விண்டோஸ் இல்லாததால் துணிந்து அணைக்க முடிந்தது. விண்டோஸ் இருக்கும் கணினியில் முன்னேற்பாடு இல்லாமல் இதை மாற்றினால் அந்த விண்டோஸ் எழாது. இப்படிச் செய்யப் போகிறவர்கள் விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவியையும் முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

நிறுவல் முடிந்து கணினி எழுந்தது. அப்புறம்தான் மற்றவை ஒவ்வொன்றாகத் தெரிந்தன. "அண்ணே, வைபையே காட்ட மாட்டேங்குது" என்றார் மாணவி. பிணையப் பட்டியல் காலியாக இருந்தது. ஒலி அமைப்பில் ‘டம்மி அவுட்புட்’ என்ற ஒரே வரி, அதாவது ஒலிச் சாதனமே தெரியவில்லை. திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகளை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை. புரொஜெக்டரைச் செருகினால் படம் போகவில்லை. கணினித் தகவல் பக்கத்தில் கிராபிக்ஸ் என்ற இடத்தில் ‘எல்எல்விஎம்பைப்’ என்று இருந்தது. கிராபிக்ஸ் சிப் தொடப்படவே இல்லை, படம் வரையும் வேலை முழுவதையும் பிராசசரே செய்கிறது என்று பொருள். ஒரு வீடியோவை ஓட்டிய சிறிது நேரத்தில் விசிறி இரைய ஆரம்பித்தது. விசைப்பலகைக்கு மேல் உள்ள தகட்டில் கை வைக்க முடியவில்லை.

இணையம் இல்லாமல் சரிசெய்யவும் வழியில்லை. மெல்லிய மடிக்கணினி என்பதால் லேன் துளை கிடையாது. கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் டேட்டாவைப் பகிர்ந்தோம். இந்த முறைக்குத் தனி டிரைவர் (ஒரு சிப்பை இயக்கும் மென்பொருள்) வேண்டியதில்லை. லினக்ஸின் மையப் பகுதியாக இருந்து வன்பொருளோடு பேசுவது கெர்னல்; மிகப் பழைய கெர்னலும் இதை ஏற்கும். கொட்டகைக்குள் சிக்னல் குறைவு. கைப்பேசியைச் சன்னல் கம்பியில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, கம்பி எட்டும் தூரத்துக்கு மேசையை இழுத்துப்போட்டு வேலை செய்தோம்.

சிப்பின் வயதும் கெர்னலின் வயதும்

எல்எஸ்பிசிஐ கட்டளை ஒவ்வொரு சிப்பின் அடையாள எண்ணையும் காட்டும். முன்பாதி தயாரிப்பாளர், 8086 என்றால் இன்டெல். பின்பாதி எந்தச் சிப் என்பது. கிராபிக்ஸ் 7டி55 என்று வந்தது, அதாவது கோர் அல்ட்ரா பிராசசர்களின் மீட்டியோர் லேக் தலைமுறை. வைபை, ரியல்டெக்கின் ஆர்டிஎல்8852பிஇ. அந்த எண்களை வைத்துத் தேடியதும் விஷயம் தெளிவாகிவிட்டது.

மின்ட் 21.3 வெளிவந்தது 2024 ஜனவரியில். ஆனால் அதன் அடித்தளம் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 22.04 பதிப்பு, அதோடு வரும் கெர்னல் 5.15, 2021 அக்டோபர் கடைசியில் வெளியானது. கோர் அல்ட்ரா வரிசையை இன்டெல் வெளியிட்டது 2023 டிசம்பர் 14. அந்த வைபை சிப்புக்கான டிரைவர் கெர்னலில் சேர்ந்தது 2023 பிப்ரவரியில் வந்த 6.2இல். மீட்டியோர் லேக் கிராபிக்ஸ், தனிக் கட்டளை எதுவும் கேட்காமல் தானாக இயங்கத் தொடங்கியது 2024 ஜனவரியில் வந்த 6.7இல். இயங்குதளத்தின் பெட்டிமேல் 2024 என்று இருந்தாலும் உள்ளே இருந்த கெர்னல், இந்தச் சிப்புகளுக்கான டிரைவர்கள் சேரும் முன்பே எழுதி முடிக்கப்பட்டது.

இதில் யாரையும் குறை சொல்ல நான் தயாரில்லை. நிலையான பதிப்புகள் கெர்னலை அடிக்கடி மாற்றாமல் வைத்திருப்பதால்தான் நம் பழைய மேசைக்கணினிகள் வருடக்கணக்கில் தொல்லையில்லாமல் ஓடின. அதே குணம் புது இயந்திரத்தில் தடையாகிறது. லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. விண்டோஸ் போலத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து தனியாக இறக்கிப் போடும் பழக்கம் இங்கே குறைவு. அதனால் எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) நல்லது என்று விவாதிப்பதைவிட, அதற்குள் எந்த எண் கெர்னல் இருக்கிறது என்று பார்ப்பதே இந்த மாதிரி நேரத்தில் பயன்படும்.

ஆனாலும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. எல்லாமே கெர்னல் பிரச்சினைதானா, அல்லது நான்கில் ஏதாவது ஒன்றில் வன்பொருளே பழுதா? கடையின் மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் இது தெரிய வேண்டும். ஈப்போவில் வீட்டு இணையத்தில் உபுண்டு 24.04ஐ இறக்கினேன். ஏறத்தாழ 6 ஜிபி. தோட்டத்துப் பக்கத்து டேட்டாவில் நினைத்துப் பார்க்க முடியாத அளவு. ஏப்ரலில் வந்த பதிப்பு, கெர்னல் 6.8. யுஎஸ்பி குச்சியில் எழுதி, நிறுவாமல், குச்சியிலிருந்தே நான்கு கணினிகளையும் ஓட்டிப் பார்த்தோம். வைபை வந்தது. வெளிச்ச விசைகள் வேலை செய்தன. ஒலி வந்தது. புரொஜெக்டரில் படம் விழுந்தது. வன்பொருள் நான்கிலும் நலம் என்று உறுதியானது. இந்த வேலை முழுவதிலும் மிகப் பயனுள்ளதாக நான் கருதுவது இந்தச் சோதனையைத்தான். மாணவி ஒரு தாளில் கோடு போட்டு, ஒவ்வொரு கணினிக்கும் வைபை, ஒலி, மைக், கேமரா, தொடுபலகை, புரொஜெக்டர் என்று எழுதி டிக் அடித்துக்கொண்டே வந்தார். அந்தத் தாள் பிறகும் பயன்பட்டது.

எதிரே இருந்த வழிகள்

கணினிகளைத் திருப்பிக் கொடுத்து ஒரு தலைமுறை பழையதை வாங்கலாம். கொடுத்தவர் மனம் வருந்துவார் என்று ஆசிரியை தயங்கினார். வன்பொருள் நன்றாக இருப்பதும் தெரிந்துவிட்டதால் அதை விட்டுவிட்டோம்.

5.15லேயே இருந்துகொண்டு, வைபைக்கு மட்டும் வெளியிலிருந்து டிரைவரின் மூல நிரலை எடுத்துத் தொகுத்துப் போடலாம். பலர் செய்வதுதான். ஆனால் கெர்னல் மேம்படும்போதெல்லாம் அது மறுபடி தொகுக்கப்பட வேண்டும். ஒரு தடவை அது தவறினால் வைபை போய்விடும். வைபை போனால் சரிசெய்யும் வழியும் போய்விடும். கிராபிக்ஸுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. இந்த வழியை நான் உறுதியாக மறுத்தேன்.

ஆர்ச் போன்ற தொடர்ந்து புதுப்பிக்கும் டிஸ்ட்ரோ, அல்லது பெடோரா 40. இரண்டும் இந்த வன்பொருளை ஏற்கும். பராமரிக்கப் போவது ஒரு மாணவி, அதுவும் தம் படிப்புக்கு நடுவே. பழைய கணினிகளில் ஒரு முறை, புதியவற்றில் இன்னொரு முறை என்று அவர்மீது சுமத்துவது நியாயமாகப் படவில்லை.

உபுண்டு 24.04ஐயே நிறுவியிருக்கலாம், தொழில்நுட்பப்படி அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே அடித்தளத்தில் மின்ட் 22 சீக்கிரம் வரப்போகிறது என்று தெரிந்திருந்தது. பிள்ளைகள் பழகிய மெனு, பழகிய திரை. மாணவியிடமே கேட்டோம். "காத்திருக்கலாம் அண்ணே, ரெண்டு தடவை போட்டு ரெண்டு தடவை சொல்லிக்கொடுக்க வேணாம்" என்றார். பார்த்துக்கொள்கிறவர் சொல்லுக்கே நாங்கள் எடை கொடுத்தோம். மின்ட் 22க்குக் காத்திருப்பது, அதுவரை ஓர் இடைக்கால ஏற்பாடு என்று முடிவானது.

இடைக்கால ஏற்பாடு

மின்ட் 21.3க்கே ‘எட்ஜ்’ என்ற இன்னொரு நிறுவல் கோப்பு உண்டு. அதில் கெர்னல் 6.5. அதை இரண்டு கணினிகளில் போட்டோம். மற்ற இரண்டும் பெட்டியிலேயே இருந்தன.

6.2க்குப் பிந்தியது என்பதால் வைபை உடனே வந்தது. 6.7க்கு முந்தியது என்பதால் கிராபிக்ஸ் வரவில்லை. ஒலியும் வரவில்லை: கெர்னல் புதிதானாலும் ஒலிச் சிப்புக்குள் ஏற்றப்படும் நிரலான ஃபர்ம்வேரின் தொகுப்பு 22.04 காலத்தது. டிரைவர், ஃபர்ம்வேர் இரண்டும் வேண்டும்; எது வராவிட்டாலும் வெளியில் தெரியும் அறிகுறி ஒன்றேதான். இதைப் பலர் கவனிப்பதில்லை.

கிராபிக்ஸுக்கு 6.5இல் ஒரு வாசல் இருந்தது. ‘போர்ஸ் புரோப்’ என்ற அளவுருவோடு 7டி55 என்ற எண்ணையும் துவக்க வரியில் சேர்த்தால், இன்னும் முதிராத டிரைவரைக் கெர்னல் கட்டாயமாக ஓட்டும். எழுதியவர்களே இன்னும் தயார் இல்லை என்று தாழ்ப்பாள் போட்டு வைத்த பகுதி அது. புரொஜெக்டர் இல்லாமல் இயற்பியல் வகுப்பு நடத்துவது சிரமம் என்றதால் ஒரே ஒரு கணினியில் மட்டும் திறந்தோம். வெளிச்சம், புரொஜெக்டர் இரண்டும் வந்தன. ஆனால் புரொஜெக்டர் கம்பியைப் பிடுங்கும்போது சில சமயம் திரை உறைந்துவிடும். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வழி இருக்காது. அந்தக் கணினியில் பாடம் காட்டலாம், எதையும் தட்டச்சு செய்து வைக்கக் கூடாது என்று ஆசிரியை ஒரு சீட்டு எழுதி மூடியில் ஒட்டினார். அந்த ஒழுங்கைக் கடைசிவரை எல்லாரும் காத்ததால் யாருடைய வேலையும் அழியவில்லை.

மின்ட் 22

ஜூலை 25 அன்று மின்ட் 22 வெளியானது. ஆகஸ்டில் நான்கிலும் நிறுவினோம். கெர்னல் 6.8. தனி அளவுரு எதுவும் தேவைப்படவில்லை. மே மாதத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு மாணவி மறுபடி ஒவ்வொன்றாக டிக் அடித்தார். கைரேகை வாசிப்பான் மட்டும் வேலை செய்யவில்லை. அதற்கு லினக்ஸ் டிரைவர் இல்லை. பொதுக் கணினிக்கு அது தேவையும் இல்லை.

இரண்டு தொல்லைகள் மிஞ்சின.

ஒன்று, தூக்கநிலை. பிள்ளைகள் மூடியை மூடி அலமாரியில் வைத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் திறந்தால் பேட்டரி பாதிக்குக் கீழே. பழைய மடிக்கணினிகளில் இருந்த எஸ்3 என்ற ஆழ்ந்த தூக்கநிலை இந்தப் புதியவற்றில் இல்லை. எஸ்2ஐடில் என்ற மேலோட்டமான நிலை மட்டுமே உண்டு. வன்பொருளிலேயே இல்லாததை அமைப்பில் மாற்றி வரவழைக்க முடியாது. மூடியை மூடினால் கணினி அணைந்துவிடும்படி மின்சார அமைப்பை மாற்றினோம். எஸ்எஸ்டி என்பதால் மறுபடி எழ அதிக நேரம் ஆவதில்லை.

இரண்டாவது, வைபை. டெலிமாவில் பயிற்சி செய்துகொண்டிருக்கும்போது இணைப்பு இருப்பதாகவே காட்டும், பக்கம் மட்டும் நகராது. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும். மேசைக்கணினிகளில் அதே நேரத்தில் இணையம் ஒழுங்காக இருந்ததால் ரூட்டர்மேல் சந்தேகமில்லை. உபுண்டு அடித்தளத்தில் வைபை மின்சிக்கனம் இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பு ஒன்றில் அதன் மதிப்பு 3 என்று இருக்கும். அதை 2 ஆக்கினால் சிக்கனம் அணையும். முதலில் ஒரே கணினியில் மாற்றி, மாற்றாத மற்றொன்றோடு பக்கத்தில் வைத்து ஒரு வாரம் பார்க்கச் சொன்னேன். மாற்றியதில் தொல்லை நின்றது, மற்றதில் தொடர்ந்தது. அதன் பிறகே நான்கிலும் மாற்றினோம். பேட்டரி சற்றுக் குறைவாக நிற்கும். வகுப்பில் பிளக் இருப்பதால் அது பொருட்டில்லை.

பின்னர் நடந்தது

ஒரு மேம்படுத்தலுக்குப் பிறகு நான்கு கணினிகளிலும் ஒலி போய்விட்டது. ஆங்கிலச் செவிமடுத்தல் பயிற்சி நடக்கவேண்டிய மாலை. மாணவி எனக்கு அழைத்தபோதே பாதி வேலையை முடித்திருந்தார்: கணினியை மறுபடி தொடங்கி, அது எழும்போது வரும் குரப் மெனுவில் மேம்பட்ட தேர்வுகளுக்குள் போய், முந்திய கெர்னலைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஒலி வந்துவிட்டது. "புதுசுலதான் கோளாறு, பழசை வச்சுக்கலாமா அண்ணே?" என்பது மட்டுமே அவர் கேட்டது. ஆம் என்றேன். அடுத்த திருத்தம் வந்து ஒலி சரியானபின் புதியதுக்கு மாறினார். நிறுவும்போதே டைம்ஷிப்ட் என்ற மென்பொருளில் கணினியின் நிலையைப் பதிவு எடுத்து வைப்பதையும், குறைந்தது ஒரு பழைய கெர்னலை அழிக்காமல் வைத்திருப்பதையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம். நான் ஈப்போவில் இருந்து காரை எடுக்க வேண்டியிருக்கவில்லை. எஸ்.பி.எம். எழுத்துத் தேர்வுகள் 2025 ஜனவரியில் தொடங்கும்வரை நான்கும் தினமும் ஓடின.

2025 பிப்ரவரியில் மின்ட் 22 வரிசைக்கு 6.11 கெர்னல் கிடைத்தது. நாங்கள் எடுக்கவில்லை. வேண்டியதெல்லாம் 6.8இல் ஓடுகிறது, பாதுகாப்புத் திருத்தங்களும் வந்துகொண்டிருக்கின்றன. மின்ட் 22க்கு 2029 வரை ஆதரவு உண்டு.

மாற்றப்போவது

நன்கொடை தருகிறவரிடம் முன்கூட்டியே பேசுவது முதல் மாற்றம். ஒரு தலைமுறை பழைய பிராசசராக இருந்தால் அதே பணத்துக்கு இன்னொரு கணினியும் சேர்த்து வாங்கலாம், வந்த அன்றே ஓடும். இதை ஆசிரியையே அவரிடம் சொன்னார். அவர் சங்கடப்படாமல் கேட்டுக்கொண்டார். அடுத்த முறை பணமாகவே தருவதாகவும் சொன்னார்.

வாங்கும் முன் கடையிலேயே யுஎஸ்பி குச்சியிலிருந்து ஓட்டிப் பார்ப்பது இரண்டாவது. ஒத்துக்கொள்ளாத கடையில் வாங்குவதில்லை. கடை ஒத்துக்கொண்டாலும், சோதிக்கும் குச்சியில் நாம் நிறுவப்போகும் அதே பதிப்பு இருக்க வேண்டும். வேறு கெர்னலில் ஓடியது நமக்குச் சான்றாகாது.

நிலையத்துக்கென்று ஒரு யுஎஸ்பி லேன் அடாப்டர் வாங்கியாகிவிட்டது. கெர்னலில் நெடுநாளாக ஆதரவு உள்ள சிப்பாகப் பார்த்து வாங்கினோம். சன்னலில் கைப்பேசி கட்டும் வேலை இனி இல்லை.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. இன்டெல் ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தியவையும், ஒன்றிரண்டு விதிவிலக்குகள் தவிர, விண்டோஸ் 11 பட்டியலில் இல்லாததால், அலுவலகங்கள் நல்ல நிலையில் உள்ள கணினிகளைக் கழிக்கின்றன. அவற்றில் மின்ட் 22 மறுபேச்சில்லாமல் ஓடும். நிலையத்தின் அடுத்த கணினிகள் அப்படிக் கழித்தவற்றிலிருந்தே வரட்டும் என்று ஆசிரியையும் மாணவியும் முடிவு செய்திருக்கிறார்கள். நன்கொடையாளர் தரும் பணத்தில் அவற்றுக்கு எஸ்எஸ்டியும் நினைவகமும் வாங்கப் பட்டியல் தயாராகிறது.